நம் உடம்பு என்ன சொல்கிறது? பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் அறிகுறிகள்



போன மாதம் தணிக்கைக்காக சில குழுக்களின் கடன் லெட்ஜரை வாங்கிப் பார்த்தோம். கறவை மாடு, பிள்ளை படிப்பு, கழனிக்கு உரம், வீட்டு ரிப்பேர் என்று காரணம் எழுதியிருந்தது. நடுநடுவே 'மருத்துவச் செலவு' என்றும் இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கு, மாமனாருக்கு, பேரப்பிள்ளைக்கு என்றார்கள். உறுப்பினர் தன் சொந்த உடம்புக்காக வாங்கிய கடன் ரொம்பக் குறைவு. அப்படி வாங்கியிருந்தால் அது பெரிய தொகையாக இருந்தது. நோய் முற்றும் வரைக்கும் போகவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

அதனால்தான் இந்த இதழில் சில நோய்களைப் பற்றியும் அவை காட்டும் அறிகுறிகளைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன். நான் டாக்டர் இல்லை. சமூகப்பணி படித்துவிட்டு உங்கள் ஊர்களுக்கு வந்து போகிறவள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களிடமும் நர்சம்மாக்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி சாப்பிட வேண்டாம். எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள், அது போதும்.

'அசதிதான், வேற ஒண்ணுமில்ல'

கூட்டத்தில் நான் அதிகம் கேட்கிற வார்த்தை இதுதான். "காலைல எழுந்திரிக்கவே முடியல மேடம், கை கால் எல்லாம் அசதி." கூடவே இன்னும் சில சேர்ந்து வரும். தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, தலை வலிக்கிறது, முடி கொட்டுகிறது. சிலர் வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொன்றையும் சொல்வார்கள். பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறது, சாம்பல் தின்னத் தோன்றுகிறது, மழை பெய்தால் மண் வாசனைக்கு ஆசை வருகிறது என்பார்கள். இது கெட்ட பழக்கம் என்று மாமியார் திட்டுவார். உண்மையில் இரும்புச்சத்து குறைந்த பலருக்கு இப்படித் தோன்றும். திட்டுவதை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

இதற்குப் பெயர் ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புச் சத்து இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சுக்காற்றில் உள்ள பிராணவாயுவை உடம்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அது குறைந்தால் இதயம் அதே வேலையை முடிக்க வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. படபடப்பும் மூச்சு வாங்குவதும் அதனால்தான். பெண்களுக்கு இந்த அளவு 12க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11. எட்டுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஏழுக்குக் கீழே போனால் தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று வந்திருக்கிறது. உங்கள் குழுவில் இருபது பேர் இருந்தால் பத்துப் பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேருக்கு ஏன்? மாதாமாதம் ரத்தம் போகிறது. அடுத்தடுத்து பிரசவம். செருப்பில்லாமல் கழனியில் நடப்பதால் கொக்கிப்புழு கால் தோல் வழியாகவே உடம்புக்குள் புகுந்து குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது நாம்தான். குழம்பில் கறி, முட்டை இருந்தால் அது அவருக்கும் பிள்ளைகளுக்கும். நமக்கு சட்டியில் ஒட்டியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், முட்டை, கறி எல்லாம் நல்லது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். ஆனால் அளவு ஏழு எட்டு என்று இறங்கிய பிறகு 'பேரீச்சம்பழம் சாப்பிட்டுச் சரிசெய்துக்கறேன்' என்றால் நடக்காது. மாத்திரை வேண்டும், சிலருக்கு ஊசியோ ரத்தமோகூட ஏற்ற வேண்டி வரும். இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதை வாங்கி வந்து பரணில் போட்டு வைப்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். "வெளிக்கு கறுப்பாப் போகுது மேடம், பயமா இருந்துச்சு, நிறுத்திட்டேன்" என்பார்கள். கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் குணம், பயம் வேண்டாம். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரி போடுங்கள். டீ, காபியோடு மட்டும் போடாதீர்கள். குடிப்பதற்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடாமல், டாக்டர் சொன்ன மாதக் கணக்குக்குப் போடுங்கள்.

எல்லா அசதியும் ரத்தசோகை இல்லை. உடம்பு கனமாகிக்கொண்டே போகிறது, குளிர் தாங்கவில்லை, மலச்சிக்கல், முகம் உப்பியிருக்கிறது, மாதவிலக்கு தள்ளிப் போகிறது என்றால் தைராய்டு குறைவாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாதவிலக்கில் எது சாதாரணம், எது இல்லை?

ஏழு நாளைக்கு மேல் போவது, கட்டி கட்டியாக விழுவது, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருப்பது, மாதத்தில் இரண்டு முறை வருவது, இதெல்லாம் சாதாரணம் இல்லை. 'நாப்பது வயசாச்சு, நிக்கப் போகுது, அப்படித்தான் இருக்கும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிற்கிற வயதில் தேதி முன்னே பின்னே ஆகும், உண்மைதான். ஆனால் கொட்டுவது அந்தக் கணக்கில் வராது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து எழுதப்போவதை தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு, திரும்ப ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். வலி இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும். கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலும், துர்நாற்றத்தோடு தண்ணீர் தண்ணீராகப் போனாலும் அப்படித்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பகுதிக் குழு ஒன்றில் ஒரு அக்கா இருந்தார். ஊர் பெயரோ அவர் பெயரோ வேண்டாம். தவணையை ஒரு மாதம்கூட தவறவிட்டதில்லை. கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிப்பார். மாதவிலக்கு நின்று நாலைந்து வருடம் ஆனவர். திரும்பப் படுகிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. 'போன தீட்டு திரும்ப வந்துடுச்சு, சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறார். இடுப்பு வலி தாங்காமல் மகள் அழைத்துப் போனபோது கர்ப்பப்பை வாய் புற்றுநோய், மூன்றாம் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். பதினோரு மாதம் இருந்தார். அந்த ஒரு வருடமும் மாதாமாதம் நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சேமிப்பு எவ்வளவு, வட்டி எவ்வளவு, நிலுவை யார் என்று கேட்டிருக்கிறேன். அவர் இளைத்துப் போனதைப் பார்த்து, "டயட்டா அக்கா?" என்று கிண்டல்கூட செய்திருக்கிறேன். இப்போதும் அந்த ஊர் நோட்டைத் திறந்தால் அவர் கையெழுத்து இருக்கிறது.

கர்ப்பப்பை வாய் புற்றுநோய், புற்றாக மாறுவதற்கு முன்னால் பல வருடம் சின்ன மாற்றமாகவே இருக்கும். அப்போதே கண்டுபிடித்தால் சின்ன சிகிச்சையில் குணமாகிவிடும். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கான பரிசோதனை உண்டு. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். கத்தி, ஊசி எதுவும் கிடையாது. லேசாக எரியும், அவ்வளவுதான். வெள்ளையாக மாறினால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. அதைத் தடுக்கும் ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்குப் போட்டால் நல்ல பலன் உண்டு. உங்கள் நர்சம்மாவிடம் விசாரியுங்கள்.

மார்பையும் மாதம் ஒருமுறை, மாதவிலக்கு முடிந்த ஒரு வாரத்துக்குள், குளிக்கும்போது விரல்களைத் தட்டையாக வைத்துத் தடவிப் பாருங்கள். அக்குளையும் சேர்த்துப் பாருங்கள். புதிதாகக் கட்டி, தோல் உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பு உள்வாங்குவது, காம்பிலிருந்து ரத்தம் வருவது எதுவாக இருந்தாலும் காட்டுங்கள். 'வலிக்கலையே' என்று விடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை என்பதும் உண்மை. ஆனால் எது எது என்று சொல்ல வேண்டியது டாக்டர்.

வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை ஆபரேஷன்

வெள்ளைப்படுவது எல்லாமே நோய் இல்லை. மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி போவது இயற்கை. தயிர் திரிந்த மாதிரி போய் அரிப்பு இருந்தால், மஞ்சளாக பச்சையாக இருந்தால், நாற்றம் அடித்தால், அடிவயிறு வலித்துக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று. மாத்திரையில் குணமாகும். சில தொற்றுக்கு கணவரும் சேர்ந்து மாத்திரை போட வேண்டும். அவர் போடாமல் நாம் மட்டும் போட்டால் திரும்பத் திரும்ப வரும். அவரிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நர்சம்மாவையே சொல்ல வைக்கலாம், நிறைய பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது, அடியில் ஏதோ இறங்கி வருகிற மாதிரி கனமாக இருப்பது, இது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். பிரசவம் ஆன சில நாளில் நெல் மூட்டை தூக்கியவர்களுக்கு அதிகம் பார்க்கிறேன். இதற்கும் உடற்பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், ஆபரேஷன் என்று படிப்படியாக வழி இருக்கிறது.

போன வருடம் ஒரு குழுவில் முப்பத்து நான்கு வயது உறுப்பினர் நாற்பதாயிரம் கடன் கேட்டார். வெள்ளைப்படுகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகும், இல்லாவிட்டால் புற்றுநோயாக மாறும் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். தீர்மானம் எழுத பேனாவை எடுத்துவிட்டார்கள். அந்தக் குழுவின் ஊக்குநர்தான், "ஒரு வாரம் பொறு, ஜி.எச்.ல ஒருவாட்டி காட்டிடலாம், பணம் எங்கயும் போயிடாது" என்றார். அங்கே பரிசோதித்துவிட்டு தொற்று என்று கணவன் மனைவி இருவருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். கடன் வாங்கவில்லை.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் வெள்ளைப்படுதலுக்கு மட்டும் யாராவது எடுக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். கூடவே சினைப்பையையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். சின்ன வயதில் அதை எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரம் தேய்ந்து பலவீனமாகும்.

நீர்க்கடுப்பு பற்றி ஒரு வார்த்தை. களையெடுக்கப் போன இடத்தில் ஒதுங்க மறைவு இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோம். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, கலங்கலாக வருவது இதன் பலன்தான். முதுகுப் பக்கம் விலாவில் வலியும் குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, அன்றைக்கே போங்கள். கர்ப்பிணியாக இருந்தால் லேசான எரிச்சலுக்கே போக வேண்டும்.

சத்தமில்லாமல் வருகிற இரண்டு

சர்க்கரையும் பி.பி.யும் பணக்கார வியாதி என்ற காலம் போய்விட்டது. அதிக தாகம், ராத்திரி நாலைந்து முறை சிறுநீருக்கு எழுவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, புண் ஆறாமல் இருப்பது, பிறப்புறுப்பில் அடிக்கடி அரிப்பு, பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு, இவை சர்க்கரையின் அறிகுறிகள். ஆனால் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வெறும் வயிற்றில் 126, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 200, இதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று சந்தேகித்து டாக்டர் மறுபடி பார்த்து உறுதி செய்வார். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து பிரசவத்துக்குப் பின் சரியானவர்கள் வருடம் ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.

பி.பி. அதைவிட மௌனம். தலைவலி வந்தால்தான் பி.பி. என்று நினைக்கிறோம். தலைவலியே இல்லாமல் 180 இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் மருந்து வேண்டியிருக்கும். கர்ப்பிணிக்கு இந்த அளவு வந்து கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் வலிப்பு வரப் போகிறது என்று அர்த்தம், ஒரு நிமிடம்கூட தாமதிக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்க நம் சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் தன்னார்வலர்களாக எடுத்தார்கள். நம் கூட்டமைப்பிலிருந்தும் போனார்கள். அவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: மாத்திரை கொடுத்தால் 'இப்ப நார்மலா இருக்கே, எதுக்கு?' என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது.

இவற்றை விட்டுவைத்தால் வருவது மாரடைப்பும் பக்கவாதமும். பெண்களுக்கு மாரடைப்பு சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்று இல்லை. மூச்சு முட்டல், தாடை, முதுகு, இடது கை வலி, குப்பென்று வேர்வை, வாந்தி, திடீரென்று தாங்க முடியாத களைப்பு என்றும் வரும். 'கேஸ் ட்ரபுள்' என்று சோடா குடித்து உட்கார்ந்துவிடுகிறோம். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கையைத் தூக்க முடியாது, பேச்சு குழறும். நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பலருக்குப் போட முடியும். அந்த நேரத்தில் புறா ரத்தம் தேய்க்க ஓடாதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108க்குப் போன் செய்யுங்கள். எந்த மணிக்கு ஆரம்பித்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இருமல், காய்ச்சல், மனசு

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திரமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோயாக இருந்தால் ஆறு மாதம் மருந்து, முழுக்க இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018ல் கொடுக்க ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாக்கி வங்கிக் கணக்கில் போட்டார்கள். ஆதார், பாஸ்புக் நகலை மறக்காமல் கொடுங்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மருந்தை விட்டால், பிறகு அந்த மருந்துக்கே கேட்காத காசநோயாக வரும். மருமகளுக்கு காசநோய் என்றதும் தாய் வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அது வேண்டாம். மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் மற்றவருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

மழைக்காலக் காய்ச்சலில் டெங்குவை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆபத்து காய்ச்சல் அடிக்கும்போது இல்லை, விடும்போதுதான். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று நிம்மதியாகிற நாளில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், கை கால் ஜில்லென்று ஆவது இருந்தால் உடனே ஓடுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

மனசுக்கும் நோய் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை, பிள்ளையைத் தூக்கக்கூட மனசில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் அது திமிரும் இல்லை, பேயும் இல்லை. பிரசவமான பெண்களிடம் இதைக் கவனியுங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆனால் 'செத்துடுவேன்' என்று சொல்கிறவரை அன்றைக்குத் தனியாக விடாதீர்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

ஒரு குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். சேமிப்பு வசூல் முடிந்ததும் ஐந்து நிமிடம், 'யாருக்கு உடம்பு எப்படி' என்று கேட்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொல்ல முடியாததை ஊக்குநரிடம் தனியாகச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது, இன்னொரு உறுப்பினர் கூடப் போக வேண்டும். பஸ் காசு குழுவின் பொது நிதியிலிருந்து. நன்றாக நடக்கிறது. மற்ற குழுக்களும் யோசியுங்கள். பெரிய சிகிச்சை என்றால் கடன் எழுதுவதற்கு முன்னால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுண்டரில், இந்தச் சிகிச்சைக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு நர்சம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஹீமோகுளோபின், பி.பி., சர்க்கரை மூன்றும் பார்ப்பார். சர்க்கரை பார்க்க ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல், டீகூட குடிக்காமல், காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். பரிசோதனை முடிந்ததும் சாப்பிட, அந்தந்தக் குழு தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கூழ் எடுத்து வந்தால் நல்லது.